கரவன் பற்றரி அடிக்கடி சாகிறது, லித்தியம் போடலாமா?

நிலாவெளியில் விடுதி நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் இங்கிலாந்திலிருந்து வந்த பழைய கரவன் (வாகனத்தின் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி) ஒன்று இருக்கிறது. ஜப்பான் டீசல் வானில் கொளுவி, வெளிநாட்டு விருந்தினரை ஹபரணை, அறுகம்பை என்று கூட்டிக்கொண்டு போகிறார். விடுதி வளவில் நிற்கும்போது கரண்ட் கொடுத்தால் எல்லாம் நன்றாக வேலை செய்கிறது. பிளக்கைக் கழற்றினால் இரவு ஒன்பது மணிக்கே லைற் மங்கி, தண்ணீர் மோட்டர் முனகத் தொடங்கிவிடுகிறது. வான் ஓடும்போது சார்ஜ் ஏறுவதாகவும் தெரியவில்லை. கூரையில் 100 வாற் சோலார் பனல் ஒன்றும் இருக்கிறது. ஒரு வருடத்துக்குள் 100 அம்பியர்-மணிப் பற்றரி இரண்டு மாற்றியாயிற்று. முதலாவது போனது தை மாதத்தில். பற்றரி விற்றவர் டைனமோவில் பிழை என்கிறார், கராஜ்காரர் பற்றரியில் பிழை என்கிறார். "பேசாமல் லித்தியம் பற்றரி போட்டுவிடட்டுமா?" என்று முடித்திருக்கிறார்.

தம்பி கேட்டது லித்தியத்தைப் பற்றி. ஆனால் அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது, சார்ஜ் ஏன் பற்றரிவரை போய்ச் சேரவில்லை என்பது. அதற்கு விடை கிடைக்காமல் என்ன பற்றரி போட்டாலும் அதுவும் போன இரண்டின் வழியிலேயே போகும். ஆகவே இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். நான் வாகன எலெக்ட்ரிக் வேலை முறையாகப் படித்தவன். திருகோணமலையில் வான், லொறி, மீன்பிடிப் படகு என்று 12 வோல்ட் வயரிங்கோடுதான் என் பிழைப்பு. கரவன் நம் ஊரில் அபூர்வம். ஆனால் கடற்கரையில் உப்புக்காற்றில் கிடக்கும் படகுக்கு என்ன வியாதியோ அதுதான் கரவனுக்கும். வண்டியை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன். அதனால் எது நிச்சயம், எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு டிஜிட்டல் மல்டிமீற்றர் வேண்டும். விலை குறைந்ததே போதும். கரண்ட், சோலார் இரண்டையும் கழற்றி, உள்ளே எல்லாச் சுவிட்ச்சையும் நிறுத்தி, ஓர் இரவு முழுக்கப் பற்றரியைச் சும்மா விடுங்கள். காலையில் அதன் இரண்டு முனையிலும் நேரே மீற்றரை வைத்து அளவெடுங்கள். சாதாரண ஈயப் பற்றரி நிறைந்திருந்தால் 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 11.9க்குக் கீழே போனால் காலி. "12 வோல்ட் இருக்குது, பற்றரி நல்லம்" என்று கராஜில் சொல்வதை நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். 12.0 என்பது கால்வாசிகூட இல்லாத பற்றரி. சார்ஜில் இருக்கும்போதோ, கழற்றின கையோடோ எடுத்த அளவையும் நம்பக்கூடாது. அது பற்றரியின் நிலையைச் சொல்லாது, சார்ஜர் தள்ளிவிட்டுப் போன வோல்டேஜைத்தான் சொல்லும்.

மூடி கழற்றக்கூடிய பற்றரி என்றால் ஒரு ஹைட்ரோமீற்றரும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு அறையிலும் அமிலத்தின் அடர்த்தியைத் தனித்தனியே பாருங்கள். நிறைந்த பற்றரியில் 1.265 அளவில் நிற்கும். வெப்ப நாடுகளுக்கென்று சற்றுக் குறைந்த அடர்த்தியில் நிரப்பிக் கொடுப்பதும் உண்டு. அதனால் எண்ணைவிட ஆறு அறைகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் முக்கியம். ஐந்து அறை ஒரே மாதிரி நிற்க, ஒன்று மட்டும் 0.050 அல்லது அதற்கும் அதிகமாகக் கீழே நின்றால் அந்தப் பற்றரியின் கதை முடிந்தது. இனி அதில் மினக்கெட வேண்டாம்.

அடுத்தது, கடைக்காரர் என்ன பற்றரி கொடுத்தார் என்று பாருங்கள். கேள்வியில் 100 அம்பியர்-மணி என்று மட்டும் இருக்கிறது (ஓர் அம்பியரை ஒரு மணி நேரம் கொடுப்பது ஓர் அம்பியர்-மணி). லொறிக்கும் வானுக்கும் போடும் ஸ்டார்ட்டர் பற்றரிகளிலும் அந்த எண் அடித்திருக்கும். அவற்றின் தகடு மெல்லியது. எஞ்சினைச் சுழற்ற ஒரு நிமிடத்துக்கும் குறைவாக நிறையக் கரண்ட் கொடுத்துவிட்டு உடனே திரும்ப நிறைவதற்காகச் செய்தவை. ஒவ்வொரு இரவும் மெதுவாகக் காலியாக்கி எடுத்தால் ஒரு பருவகாலத்துக்குள் அவற்றின் பலம் போய்விடும். கரவனுக்கு வேண்டியது தடித்த தகடுள்ள டீப் சைக்கிள் வகை. வீட்டு இன்வேர்ட்டருக்குப் போடும் உயரமான டியூபுலர் பற்றரி அந்த வேலைக்குத் தகுதியானதுதான். ஆனால் நிமிர்ந்தே நிற்க வேண்டும், பாரமும் அதிகம். குலுங்கும் பாதையில் அமிலம் சிந்தும். இழுத்துப் போகிற வண்டிக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

ஓர் இரவுக்கு எவ்வளவு செலவாகிறது என்றும் கணக்குப் போட்டுவிடுவோம். எல்ஈடி லைற் எல்லாம் சேர்த்து ஒன்றரை அம்பியர், ஐந்து மணி நேரம். மின்விசிறி ஒன்று 2 அம்பியர், பத்து மணி நேரம். தண்ணீர் மோட்டர், போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து இன்னும் கொஞ்சம். கூட்டிப் பார்த்தால் 30, 35 அம்பியர்-மணி வரும். ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது என்று வைத்தாலும் 100 அம்பியர்-மணியில் 50 கையில் இருக்கிறது. ஆகவே நல்ல பற்றரி, நிறைந்த நிலையில் புறப்பட்டால், விடியும்வரை தாங்க வேண்டும். இந்தக் கணக்கில் இல்லாத வேறெதுவும் இழுக்காமலே ஒன்பது மணிக்கு விழுகிறது என்றால் இரண்டில் ஒன்று: அது நிறையவே இல்லை, அல்லது அதற்குள் இப்போது 100 அம்பியர்-மணி இல்லை. இவ்வளவும் நிச்சயம். இரண்டில் எது என்பதை மீற்றர்தான் சொல்லும்.

முதல் பற்றரி தை மாதத்தில் போனது என்கிறீர்கள். இங்கே என் ஊகம் ஒன்று உண்டு. நிலாவெளியில் ஆட்கள் வருவது சித்திரையிலிருந்து புரட்டாசிவரை. வாடைக்காற்று தொடங்கி மழை பிடித்தால் கரவன் வளவில் சும்மா நிற்கும். சும்மா நிற்கும் வண்டியும் கரண்ட் குடிக்கும். ரேடியோவின் மணிக்கூடு, காஸ் கசிவு அலாரம், சோலார் கொன்ட்ரோலர் என்று எப்போதும் உயிரோடு இருப்பவை சில உண்டு. மொத்தம் 0.1 அம்பியர்தான் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 2.4 அம்பியர்-மணி. சோலாரிலிருந்து ஒன்றும் வராவிட்டால் நாற்பது நாளில் 100 அம்பியர்-மணிப் பற்றரி வெறுமையாகிவிடும். வெறுமையாகக் கிடக்கும் பற்றரியில் தகடுகளின் மேல் ஈய சல்பேற் படிந்து இறுகிவிடும், அதன்பின் சார்ஜ் பிடிக்காது. பங்குனியில் சார்ஜரைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் பச்சை லைற் எரியும். நீங்களும் நிறைந்துவிட்டது என்று சந்தோஷப்படுவீர்கள். உண்மையில் உள்வாங்க இடமில்லாததால் வோல்டேஜ் விறுவிறென்று ஏறியிருக்கும், அவ்வளவுதான். சீக்கிரம் நிறைந்து சீக்கிரம் காலியாகும் பற்றரி சல்பேற் பிடித்த பற்றரி. பச்சை லைற்றை நம்பாதீர்கள்.

இந்தக் கசிவை அளப்பது லேசு. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பற்றரியின் கறுப்பு முனை வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் முனைக்கும் இடையில் மீற்றரை 10 அம்பியர் துளையில் பூட்டிப் பாருங்கள். 0.02, 0.03 என்றால் பரவாயில்லை. அதற்கு மேலே போனால் பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது எண் விழுகிறதோ அந்த லைனில்தான் கள்ளன் இருக்கிறான். மீற்றர் அந்தத் துளையில் இருக்கும்போது தண்ணீர் மோட்டரையோ இன்வேர்ட்டரையோ போட்டுவிடாதீர்கள், மீற்றருக்குள் இருக்கும் பியூஸ் போய்விடும்.

கரண்ட் கொடுத்தால் எல்லாம் நன்றாக வேலை செய்கிறது என்பதை வைத்து சார்ஜர் நல்லது என்று முடிவுகட்டாதீர்கள். 230 வோல்ட் வந்தவுடன் கரவனின் சார்ஜரே உள்ளே லைற்றுக்கும் மோட்டருக்கும் 12 வோல்ட் கொடுத்துவிடும். பற்றரி செத்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. பிளக்கைப் போட்டுவிட்டு பற்றரி முனையில் அளவு எடுங்கள். 13.6க்கு மேலே ஏறினால் சார்ஜ் வருகிறது. 12.4 இலேயே நின்றால் சார்ஜரின் வெளி முனையிலும் ஓர் அளவு எடுங்கள். அங்கே 13.8, இங்கே 12.4 என்றால் இடையில் பியூஸ் போயிருக்கிறது, அல்லது பற்றரிச் சுவிட்ச் மாறிக் கிடக்கிறது, அல்லது ஒரு முனை துருப்பிடித்திருக்கிறது. பழைய இங்கிலாந்துக் கரவன்களில் சார்ஜர் 13.8 வோல்ட்டிலேயே நிற்கும் வகையாகத்தான் இருக்கும். அது பற்றரியைக் கெடுக்காது, ஆனால் நிறைக்க நாள் எடுக்கும். ஓர் இரவு போட்டுவிட்டுக் காலையில் கழற்றினால் முழுதாக நிறைந்திராது.

சரி, இனி வான் ஓடும்போது சார்ஜ் ஏறாத விஷயம். பிழை பெரும்பாலும் இந்தப் பாதையில்தான் இருக்கும் என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன். வானோடு இணைக்க உங்கள் கரவனில் 13 முனைப் பிளக் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். பழைய வண்டியில் 7 முனைப் பிளக் இரண்டு இருக்கும். 13 முனைப் பிளக்கில் லைற்றுக்கும் சிக்னலுக்கும் உரியவை முதல் எட்டு. 9 ஆம் முனை வானிலிருந்து எப்போதும் வரும் 12 வோல்ட், அதன் ஏர்த் (கரண்ட் திரும்பிப் போகும் வழி) 13 ஆம் முனை. 10 ஆம் முனை சாவி போட்டால் மட்டும் வருவது, பிரிட்ஜுக்கு உரியது, அதன் ஏர்த் 11. முனைக்குப் பக்கத்தில் எண் சிறிதாகப் பொறித்திருக்கும், டோர்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். வானில் இழுவைக் கொளுவியைப் பூட்டிக் கொடுத்தவர் லைற்றுக்கு மட்டும் வயர் இழுத்துவிட்டு 9, 10, 11, 13 ஐ வெறுமையாக விட்டிருக்கலாம். சிக்னல் எரிகிறது, பிரேக் லைற் எரிகிறது, வேலை முடிந்தது என்று நீங்களும் காசைக் கொடுத்திருப்பீர்கள். வானில் உள்ள சொக்கற்றின் பின்பக்கத்தைக் கழற்றி, இந்த நான்கு முனையிலும் வயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் டைனமோவும் பற்றரியும் எந்தப் பாவமும் அறியாதவை.

வயர் இருந்தால் எஞ்சினைப் போட்டு வான் பற்றரியில் அளவெடுங்கள். 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். இருந்தால் டைனமோ மேல் உள்ள வழக்கு தள்ளுபடி. பிறகு சொக்கற்றில் 9க்கும் 13க்கும் இடையில் அளவெடுங்கள். ஆனால் சும்மா எடுக்காதீர்கள். ஹெட்லைற் பல்ப் ஒன்றை, 55 வாற், இரண்டு வயர் பற்றவைத்து அதே முனைகளில் கொளுவி எரிய விட்டுக்கொண்டு அளவெடுங்கள். அந்தப் பல்ப் நாலரை அம்பியர் அளவில் இழுக்கும். ஏனென்றால் பாரமில்லாமல் பார்த்தால், நூறு இழை அறுந்து ஒரே ஒரு இழை மிஞ்சிய வயரும் மீற்றரில் 14 வோல்ட் என்று காட்டும். பல்ப்பைப் போட்டவுடன் அதுவே 9 வோல்ட்டுக்கும் 8 வோல்ட்டுக்கும் விழும். மீற்றர் மட்டும் வைத்துப் பார்த்து "கரண்ட் வருது, வயரில பிழையில்லை" என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

அளவு விழுந்தால், எந்தப் பக்கத்தில் விழுகிறது என்று பிரித்துப் பார்க்கலாம். பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போது மீற்றரின் ஒரு கம்பியை வான் பற்றரியின் சிவப்பு முனையிலும், மற்றதை சொக்கற்றின் 9 ஆம் முனையிலும் வையுங்கள். காட்டுகிற எண்தான் அந்த வழியில் தொலைந்த வோல்டேஜ். 0.3க்குள் இருந்தால் நல்லது. அதேபோல கறுப்பு முனைக்கும் 13க்கும் இடையில் பாருங்கள். நம் கரையோரத்தில் கறுப்புப் பக்கத்தில்தான் அதிகம் போகும். ஏர்த்தை வானின் பொடியில் (உலோக உடலில்) ஒரு ஸ்குரூவில் கட்டியிருப்பார்கள். அந்த ஸ்குரூ உப்புக்காற்றில் துருப்பிடித்திருக்கும். கரவனில் இடது சிக்னலைப் போட்டால் வலது பல்ப்பும் மங்கலாகச் சேர்ந்து மினுங்குகிறதா? அப்படியென்றால் லைற்றின் ஏர்த் போய்விட்டது, 13 ஆம் முனையின் ஏர்த்தும் அதே ஸ்குரூவில் என்றால் அதுவும் போயிருக்கும்.

சொக்கற்றைக் கழற்றும்போது உள்ளே என்ன கிடக்கிறது என்றும் கவனியுங்கள். பித்தளை முனையில் பச்சை மாவு பூத்திருந்தால் செம்பு அரிக்கிறது. வயரின் தோலை ஓர் அங்குலம் சீவிப் பாருங்கள். செம்பு பளபளவென்று சிவந்திருக்க வேண்டும். கறுத்திருந்தால் இன்னும் ஓர் அங்குலம் சீவுங்கள். அங்கேயும் கறுப்பு என்றால் தோலுக்குள்ளாலேயே ஈரம் ஏறி நெடுகப் போயிருக்கிறது. அந்த வயரைச் சுரண்டி ஒட்டுவதில் பிரயோசனமில்லை, முழுதாக மாற்றுங்கள். மாற்றும்போது படகுக்குப் போடும் வெள்ளீயம் பூசிய வயர் கிடைத்தால் அதையே போடுங்கள். விலை கூடத்தான், ஆனால் இந்தக் காற்றுக்கு அதுதான் நிற்கும். முறுக்கி டேப் சுற்றிய ஜொயின்ற் ஒன்றும் வைக்காதீர்கள். லக் (வயர் நுனியில் இறுக்கும் உலோக முனை) அடித்து, பசையுள்ள சுருங்கு குழாயால் மூடுங்கள்.

பியூஸை கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்லக்கூடாது. மீற்றரின் கறுப்புக் கம்பியை ஏர்த்தில் வைத்து, சிவப்புக் கம்பியைப் பியூஸின் இரண்டு பக்கத்திலும் மாறி மாறி வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு வர வேண்டும். வான் பற்றரிக்குப் பக்கத்திலேயே சிவப்பு வயரில் ஒரு பியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். சிகரெட் பெட்டித் தாளும் வயர் இழையும் சுற்றிய பியூஸ்களைக் கண்டிருக்கிறேன். வண்டியோடு எரியத்தான் அது வழி.

வயர், முனை, ஏர்த் எல்லாம் நன்றாக இருந்தும் சார்ஜ் குறைவாகவே ஏறலாம். வயரின் தடிப்புத்தான் காரணம். வான் பற்றரியிலிருந்து கரவன் பற்றரிவரை எட்டு மீற்றர், போய்வர பதினாறு. 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயருக்கு மீற்றருக்கு 0.007 ஓம் அளவில் தடை. பதினாறு மீற்றருக்கு 0.11 ஓம். பத்து அம்பியர் போனால் 1.1 வோல்ட் வழியிலேயே போய்விடும். வானில் 14.2, கரவனில் 13.1. பற்றரி நிறைய நிறைய அம்பியர் குறையும், அப்போது இழப்பும் குறையும்தானே என்று கணக்குத் தெரிந்தவர் கேட்பார். சரிதான், ஒரு முழு நாள் ஓட்டினால் நிறையும். நிலாவெளியிலிருந்து ஹபரணைக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே. அதற்குள் அந்த வயரால் ஒரு பத்துப் பன்னிரண்டு அம்பியர்-மணி ஏறினால் பெரிது. அதே தூரத்துக்கு 10 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இழப்பு 0.3க்குள் நிற்கும்.

இன்னொன்று வானின் வயதைப் பொறுத்தது. புதிய வாகனங்கள் பலவற்றில் டைனமோவை கொம்பியூட்டர் கட்டுப்படுத்தும். எரிபொருளை மிச்சம் பிடிக்க, வான் பற்றரி நிறைந்தவுடன் வோல்டேஜை 12.8 அளவுக்கு இறக்கிவிடும், பிரேக் பிடிக்கும்போது ஏற்றும். கராஜில் நிறுத்திப் பார்த்தால் 14.2 என்று அழகாகக் காட்டும், ஓடும்போது கதை வேறு. ஒருவர் ஓட்ட, மற்றவர் மீற்றரைப் பிடித்துக்கொண்டு ஆறாம் மைல் கட்டைவரை ஒரு தடவை போய்வந்தால் தெரிந்துவிடும். வான் பற்றரியின் கறுப்பு முனையில் சிறு பெட்டி போல ஒரு சென்சர் பூட்டியிருந்தால் இந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட வானில் கரவனின் ஏர்த்தை நேரே பற்றரி முனையில் பூட்டக்கூடாது, பொடியில்தான் பூட்ட வேண்டும். முனையில் பூட்டினால் சென்சருக்குத் தெரியாமல் கரண்ட் போய்வரும், கொம்பியூட்டர் தப்புக் கணக்குப் போடும்.

பிரிட்ஜைப் பற்றிக் கேள்வியில் ஒன்றும் இல்லை, ஆனால் எனக்கு அதில் சந்தேகம் உண்டு. இந்தக் கரவன்களில் இருப்பது காஸ், 230 வோல்ட், 12 வோல்ட் மூன்றிலும் ஓடும் பிரிட்ஜ். 12 வோல்ட்டில் அது சூடேற்றும் கம்பியால்தான் வேலை செய்யும். எட்டு முதல் பத்து அம்பியர், சிலதில் அதற்கும் மேலே, ஓய்வில்லாமல் இழுக்கும். அதனால்தான் வான் ஓடும்போது மட்டும், வானின் கரண்டில் மட்டும் ஓடும்படி 10 ஆம் முனையில் தனியாக வைத்திருக்கிறார்கள். யாராவது "திருத்தி", அதைக் கரவன் பற்றரியில் மாட்டியிருந்தால் நல்ல பற்றரியும் அரை நாளில் காலி. எஞ்சினை நிறுத்தி, பிரிட்ஜை 12 வோல்ட்டில் விட்டு, கிளாம்ப் மீற்றர் ஒன்றை இரவல் வாங்கிப் பற்றரி வயரில் போட்டுப் பாருங்கள். எட்டு அம்பியர் காட்டினால் உங்கள் ஒன்பது மணிப் பிரச்சினைக்கு விடை அங்கேயே இருக்கிறது. நேரோட்டக் கரண்ட் அளக்கும் கிளாம்ப் தானா என்று கேட்டு வாங்குங்கள், சாதாரணமானது 230 வோல்ட் வயருக்கு மட்டும்தான். பிரிட்ஜின் காஸ் பக்கம் என் வேலையல்ல, அதற்குத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

சோலார் பற்றிச் சுருக்கமாக. 100 வாற் பனல் கச்சான் காலத்து நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 25 முதல் 30 அம்பியர்-மணி தரும், அதுவும் நிழல் விழாவிட்டால். விருந்தினருக்கு நிழல் வேண்டும், பனலுக்கு வெயில் வேண்டும், நீங்கள் கரவனைத் தென்னைக்குக் கீழே நிறுத்துவீர்கள். ஓர் ஓலையின் நிழல் குறுக்கே விழுந்தாலே பெரும்பகுதி போய்விடும். உப்புப் படலத்தை வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் துடையுங்கள். கொன்ட்ரோலரைக் கழற்றிப் பூட்டும்போது முதலில் பற்றரி, பிறகு பனல். கழற்றும்போது எதிர்மாறு.

சூடு பற்றரிக்கு எமன். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஈயப் பற்றரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழிலில் உள்ள பொதுக் கணக்கு. சார்ஜ் வோல்டேஜையும் பாகைக்கு 0.02, 0.03 வோல்ட் இறக்க வேண்டும். பெட்டிக்குள் 40 பாகை என்றால் 14.4 வேண்டாம், 14.0 போதும். சூடு பார்க்கும் சென்சர் உள்ள சார்ஜர் இதைத் தானே செய்யும். இல்லையென்றால் மாதத்துக்கு ஒரு தடவை மூடியைக் கழற்றித் தண்ணீர் மட்டம் பாருங்கள். டிஸ்டில் வோட்டர் மட்டும்தான், கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. பற்றரிப் பெட்டியின் காற்றுத் துவாரத்தை அடைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது வரும் வாயு தீப்பிடிக்கும். முனையில் வெள்ளை மா பூத்திருந்தால் கறுப்பு வயரை முதலில் கழற்றி, அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, காயவிட்டு, கிறீஸ் பூசிப் பூட்டுங்கள். சோடாத் தண்ணீர் பற்றரிக்குள் போகக்கூடாது.

230 வோல்ட் பக்கம் நீங்களாகக் கை வைக்க வேண்டாம். விடுதியிலிருந்து கரவனுக்குப் போகும் லைனில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, ஏர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலெக்ட்ரீசியனிடம் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். ஈர மணலில் வெறுங்காலோடு நிற்கும் விருந்தினர், உலோக உடலில் கை வைக்கும் வண்டி அது. உருளையில் சுற்றிய வயரை முழுதாக விரித்துவிட்டே கரண்ட் கொடுங்கள், சுற்றியபடி விட்டால் சூடேறி உருகும்.

இப்போது லித்தியத்துக்கு வருவோம். இரும்புப் பொஸ்பேற் வகை லித்தியம் நல்ல பொருள். பாரம் பாதி, கொள்ளளவில் எண்பது வீதத்துக்கு மேல் பயன்படுத்தலாம், பாதியில் கிடந்தாலும் சல்பேற் பிடிக்காது. மழைக்காலத்தில் சும்மா நிற்கும் உங்கள் கரவனுக்கு அது உண்மையான நன்மை. ஆனால் வயர் அறுந்திருந்தால் அதற்கும் சார்ஜ் போகாது. கசிவு இருந்தால் அதுவும் காலியாகும். காலியானால் உள்ளே இருக்கும் பி.எம்.எஸ் (பற்றரியைக் காக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று) முனையையே துண்டித்துவிடும், மீற்றரில் பூச்சியம் காட்டும். பழைய சார்ஜர் அப்படி ஒரு பற்றரி இருப்பதையே உணராது. சூட்டிலும் கவனம் வேண்டும். பல பற்றரிகளுக்கு சார்ஜ் ஏற்றும் உச்ச வெப்பம் 45 பாகைதான், வெயிலில் நிற்கும் கரவனின் பெட்டி அதைத் தாண்டும். தடித்த வயரால் டைனமோவோடு நேரே இணைத்தால் கிடைப்பதையெல்லாம் இழுத்து டைனமோவைச் சுட்டுவிடும். ஆகவே லித்தியம் என்றால் பற்றரியோடு டிசி-டிசி சார்ஜர் (வானிலிருந்து வரும் வோல்டேஜைப் பற்றரிக்கு ஏற்றபடி மாற்றி, அளவோடு ஏற்றும் கருவி) ஒன்றும், வானிலிருந்து தடித்த வயரும் சேர்த்தே விலை பாருங்கள். 13 முனைப் பிளக்கின் ஊசிகளில் தொடர்ந்து 15 அம்பியருக்கு மேல் விட எனக்கு மனம் வராது. 20, 30 அம்பியர் சார்ஜர் என்றால் 50 அம்பியர் அன்டர்சன் பிளக் தனியாகப் போடுங்கள். டைனமோ கொம்பியூட்டர் வகை என்று தெரிந்தால், ஈயப் பற்றரியே வைத்திருந்தாலும் இந்த டிசி-டிசி சார்ஜர் வேண்டும்.

என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். முதல் பற்றரியை மழைக்காலத்துக் கசிவும், இரண்டாவதை சார்ஜ் வராத வயரும் கொன்றிருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டும் ஊகம்தான். இரண்டாவது பற்றரியை இன்னும் எறியாதீர்கள். மெதுவாக, ஐந்து அம்பியருக்கு மேல் போகாமல், இரண்டு நாள் சார்ஜ் கொடுத்து, பிறகு ஹெட்லைற் பல்ப்பைக் கொளுவி 11.8க்கு விழ எத்தனை மணி நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். நாலரை அம்பியரில் பத்து மணி நேரம் தாண்டினால் இந்தப் பருவத்துக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். நான்கு மணி நேரத்தில் விழுந்தால் மாற்றத்தான் வேண்டும், ஆனால் வயரைச் சரிசெய்த பிறகு.

அளவுகளை எடுத்து இங்கேயே எழுதிப் போடுங்கள்: காலையில் சும்மா நிற்கும் வோல்டேஜ், கரண்ட் போட்டபின் பற்றரி முனையில் வருவது, எஞ்சின் ஓடும்போது வான் பற்றரியில் வருவது, பல்ப்போடு சொக்கற்றில் வருவது, நிறுத்தி வைத்திருக்கும்போது கசியும் அம்பியர். வானின் மொடலும் வருடமும், பற்றரியின் மேல் ஒட்டியிருக்கும் லேபலின் படமும் வேண்டும். அவை வந்தால் எந்த வயர், என்ன சார்ஜர் என்று திட்டமாகச் சொல்வேன்.